நல்லவேளை, நம் ஊரில் இல்லையாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் ‘ரோசா பாட்டியின் கால்வலி’ என்று ஒரு பக்கக் கதை வந்திருந்தது. அமெரிக்காவில் வெள்ளைக்காரருக்காகப் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் கதை. அதன் கடைசி வரி: ‘நல்லவேளை குட்டீஸ், நம் ஊரில் இப்படியெல்லாம் இல்லை!’ பக்கத்திலேயே கண்ணடிக்கிற ஒரு பொம்மை. எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுச் சொல்லுங்கள். என் பென்ஷனுக்குள் அடங்கும் என்றால் அங்கே ஒரு மனை வாங்கிக் குடியேறிவிடுகிறேன்.

அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கதை. ரோசா பார்க்ஸ் அன்றைக்குப் பாட்டியே இல்லை. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் எழுந்திருக்க மாட்டேன் என்றபோது அவருக்கு வயது 42. நீங்கள் வரைந்திருப்பதோ நரைத்த தலை, கூன் முதுகு, கையில் ஊன்றுகோல். என் மூத்த மகளுக்கும் அதே வயதுதான். அவளை யாராவது பாட்டி என்று கூப்பிட்டுவிட்டு முழுசாகத் திரும்பிப் போகட்டும், பார்க்கலாம்.

கால்வலியால்தான் எழுந்திருக்கவில்லை என்பதும் கட்டுக்கதைதான். அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய அசதி ஒன்றுமில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தது என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் 1943-லேயே செயலாளர் ஆனவர். 1955-இல் அவரை எழுந்திருக்கச் சொன்ன அதே டிரைவர், அந்த 1943-லேயே அவரை ஒருமுறை பேருந்தை விட்டு இறக்கியும் விட்டிருக்கிறார். விஷயம் தெரிந்து, யோசித்து உட்கார்ந்த பெண்மணி சார் அவர். வெறும் கால்வலி என்றால் ஒரு டப்பா அமிர்தாஞ்சனோடு போயிருக்கும். அவர் கைதான பிறகு 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பேருந்தே ஏறாமல் நடந்து வேலைக்குப் போனது எதற்காம்?

அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளிக்கூடப் பெண் எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருக்கிறாள். சிறுவர் பக்கத்துக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாளா? அவள் பெயரே இல்லை. கதையை ‘எல்லோரும் மகிழ்ச்சியாகப் பயணம் செய்தார்கள்’ என்று வேறு முடித்திருக்கிறீர்கள். ரோசா பார்க்ஸுக்குத் தையல் வேலை போனது. பிழைப்புக்கு வழியில்லாமல், மிரட்டலும் தாங்காமல் 1957-இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் விட்டிருப்பீர்கள், பிஞ்சு மனசு வாடிவிடக் கூடாதே என்று.

இந்தப் பிஞ்சு மனசுக் கதையை நான் டீச்சராக இருந்த சர்வீஸ் முழுக்கக் கேட்டவள். 1960-இல் அதே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமி காலடி வைத்தபோது வயது ஆறு. வாசலில் பெரியவர்கள் கூடி நின்று கத்துகிறார்கள். அவளைக் காவலர்கள் நடுவில் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். மற்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, அந்த வருஷம் முழுக்க ஒரே டீச்சர், ஒரே மாணவி. அவளுக்குப் பிஞ்சு மனசு இல்லையா? அவள் பட்டதை நம் பிள்ளைகள் காதால் கேட்கக்கூடவா கூடாது?

சரி, அந்த வரிக்கு வருகிறேன். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்தவுடன் என்ன இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்.’ பிள்ளைகள் அதை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடித்துத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். குடத்தின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒரு பையன் மட்டும் டம்ளரைத் தொட மாட்டான். கொஞ்சம் தள்ளிக் குனிந்து நின்று இரண்டு கையையும் சேர்த்துக் குவிப்பான். ஒரு பெண் பிள்ளை மேலேயிருந்து ஊற்றுவாள். அவனை யாரும் அதட்டவில்லை, அவளிடமும் யாரும் ஊற்றச் சொல்லவில்லை. எட்டு வயதுக்குள் இரண்டு பேரும் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டே பள்ளிக்கு வந்திருந்தார்கள். இதில் நாம் பார்த்துப் பார்த்து மறைக்க என்ன பாக்கி இருக்கிறது?

அந்த வகுப்புக்குத்தான் மாண்ட்கோமரி பேருந்தைச் சொன்னேன். கறுப்பர்கள் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும். சில நேரம் ஏறுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார் என்றேன். கடைசி பெஞ்சு வாண்டு ஒன்று கேட்டது: “காசு எல்லாருக்கும் ஒண்ணுதானே டீச்சர்?” ஆமாம், ஒன்றுதான். அப்புறம் அம்பேத்கரின் மாட்டுவண்டிக் கதை. 1901-இல் அவர் சின்னப் பையன். அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் இறங்குகிறார். என்ன சாதி என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்குச் சம்மதிக்கிறார். அதுவும் எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். கட்டிக்கொண்டு போன சாப்பாடு இருக்கிறது, வழியில் குடிக்க ஒருவரும் தண்ணீர் கொடுக்காததால் சாப்பிட முடியவில்லை. “அப்போ இங்க காசும் டபுளா?” என்றது அதே வாண்டு. நான் நடத்திய பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை.

ஒரு பிள்ளையும் பயந்து நடுங்கவில்லை. மத்தியானம் சத்துணவில் வழக்கம்போல முட்டையை முதலில் காலி செய்தார்கள். கையைக் குவித்த பையன் மறுநாளே டம்ளரை எடுத்துக் குடித்தான் என்று உங்கள் பாணியில் முடிக்க மாட்டேன். ரொம்ப நாள் நான்தான் டம்ளரை எடுத்து அவன் கையில் திணிக்க வேண்டியிருந்தது. இதற்கு ஒரு அம்மா பள்ளிக்கே வந்து சண்டை போட்டார். “வேலையைப் பார்த்தோமா போனோமான்னு இருங்க டீச்சர், எதுக்கு வம்பு” என்று எனக்குத்தான் அறிவுரை கிடைத்தது.

ஏப்ரல் 14 வந்தபோது நீங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்பேத்கர் படத்தைப் போட்டு ‘கோட்டுக்கு நீலம் தீட்டுங்கள்’ என்றீர்கள். கீழே ‘சட்ட மேதை’ என்று இரண்டு சொல். கோணிச் சாக்கை வீட்டிலிருந்து எடுத்துவந்து வகுப்பில் தனியாக உட்கார்ந்தவர், பியூன் ஊற்றினால்தான் பள்ளியில் தண்ணீர் குடிக்க முடிந்தவர் என்று எழுத அந்தக் கோட்டுக்குக் கீழே இடம் இல்லாமலா போயிற்று? அப்போதும் எழுதினேன். ‘சிறுவர் பக்கம் வண்ணமயமாக இருந்தது’ என்ற என் முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்து வாசகர் பாராட்டு என்று போட்டீர்கள். என் பேரன் அதைக் காட்டி இன்னும் சிரிக்கிறான். பக்கத்தைக் குறைத்து விலையை ஏற்றியதைப் பற்றி எழுதியதும் அதே கடிதத்தில்தான் இருந்தது. அது போகட்டும்.

உங்களை மட்டும் சொல்வானேன். எங்கள் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் சுதந்திர தின மாறுவேடப் போட்டி. பேத்திக்கு அஞ்சலையம்மாள் வேஷம் போடலாம் என்றேன். இதே கடலூர் முதுநகர்க்காரர். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சின்ன மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டு இருவரும் சிறைக்குப் போனவர்கள். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தன் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார். வகுப்பு மிஸ் சொன்ன பதில்: “அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. ஜான்சி ராணி போடுங்க, டிரெஸ் வாடகைக்குக் கிடைக்கும்.” அஞ்சலையம்மாளைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்றே காந்தி சொன்னாராம். வாடகைக் கடைக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டாமா? அம்பேத்கர் வேஷம் என்றால் இன்னும் மோசம். ‘நீங்க அவங்களா?’ என்ற கேள்வி வாய்க்கு வராது, பார்வையில் வந்துவிடும்.

உங்கள் அலுவலகத்தில் வரலாறு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் அந்தக் கடைசி வரி இப்படி உறுத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடை செய்யுங்கள் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்கு எழுதிக் கொடுத்ததை நீங்களே செய்தியாகப் போட்டீர்கள். செய்தி வந்த எட்டாம் பக்கம் சாதி இருக்கிறது என்கிறது, சிறுவர் பக்கம் இல்லை என்கிறது. நடுவில் தாளைப் புரட்டுகிற பிள்ளை எதை நம்பும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே சிறுவர் பக்கத்தில், அதே எழுத்து அளவில், ரோசா பார்க்ஸின் வயதைத் திருத்தி, அந்தக் கடைசி வரி தவறு என்று போடுங்கள். வருகிற ஜூன் 26-க்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அன்று எல். இளையபெருமாளின் பிறந்த நாள். காட்டுமன்னார்கோவிலில் 1924-இல் பிறந்து, 1952-இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய், நாடு முழுக்கத் தீண்டாமை எப்படியெல்லாம் இருக்கிறது என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969-இல் அறிக்கை கொடுத்தவர். பள்ளியில் தங்களுக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையைச் சின்ன வயதிலேயே உடைத்தவர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பானை உடைக்கிற கதை உங்கள் குட்டீஸுக்குக் கட்டாயம் பிடிக்கும். படம் வரைபவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள், பையனுக்கு நரைத்த தலை வேண்டாம்.

இந்த முறை கடிதத்தில் பாராட்டு எதையும் வைக்கவில்லை. வெட்டியெடுக்க உங்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கும், மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
புதுப்பாளையம், கடலூர்.