கிணத்தடிக் கதையை நம்பாத நேர்ஸ் மிஸ்ஸுக்கு

கிணத்தடியில வழுக்கி விழுந்தனான் எண்டுதான் சொன்னன். நீங்கள் நம்பேல்லை, ஆனா ஒண்டும் கேக்கேல்லை. என்ர மனுசனை மருந்து வாங்க அனுப்பிப்போட்டு, திரைச்சீலையை இழுத்து மூடினீங்கள்.

"கண்டல் மாற முந்திப் படம் எடுங்கோ பிள்ளை, திகதி தெரியோணும். அவற்ற மெசேஜ் ஒண்டையும் அழிக்காதேங்கோ. நம்பிக்கையான ஆளின்ர போனுக்கு அனுப்பி வையுங்கோ."

ஒரு கடதாசித் துண்டுக்குப் பின்னால எழுதித் தந்தியள்: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தன், சிரிக்காதேங்கோ.

சட்டத்தரணி அந்தப் படங்களைத்தான் நீதவானிட்டக் குடுத்தவ. முதல்ல இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை. இப்ப அவர் எங்கட படலைக்குள்ள வரேலாது.

யாழ்ப்பாணத்தில எந்த வாட்டில நிக்கிறியளோ. பேரைக் கேக்காமல் வந்திட்டன், மிஸ்.