கீழ்வீட்டு அன்ரிக்கும் மற்ற எல்லாருக்கும்

என் கண்ணுக்கு நேர்ந்ததை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. உங்களில் பலர் கூடவே இருந்து பார்த்தவர்கள். நேற்று கட்டைப் பிரித்துவிட்டார்கள். நானே தட்டச்சு செய்யும் முதல் மடல் இதுதான்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாறி மாறி வண்டி ஓட்டியவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், ஆய்வேட்டுக்கு அவகாசம் வாங்கித் தந்த நெறியாளர், மதுரையிலிருந்து தினமும் பேசிய அக்கா, எல்லாருக்கும் நன்றி.

அன்ரிக்கு அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியவில்லை.

"உனக்கு வாசிக்க என்ன கிடக்கு பிள்ளை? நான் வாசிக்கிறன், நீ கேள்" என்று மேலே ஏறி வந்தார். எனக்குக் கூச்சம். கதைப்புத்தகமா அது? என் ஆய்வேட்டுக்கான ஆவணம் அது: லண்டனை ஒட்டி, 1894 முதல் 1929 வரை நகர்ப்புற மாவட்டமாக இருந்த வால்தம்ஸ்டோ என்ற ஊரின் சுகாதார மருத்துவ அதிகாரி வருடாவருடம் எழுதிய அறிக்கைகள். வடிகால், பால்கடை, செங்காய்ச்சல் வந்த வீட்டில் மருந்தடித்தது, பிறகு பக்கம் பக்கமாக அட்டவணை. அன்ரி அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தார். குழந்தைச் சாவுகளுக்குத் தனி அட்டவணை உண்டு. முதல் மாதத்தை வாரம் வாரமாகவும், அப்புறம் மாதக் கணக்கிலும் பிரித்திருப்பார்கள்.

1911இல் வயிற்றுப்போக்கு வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. கடும் வெயில், ஈ, திரிந்த பால். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முந்தைய வருடம் ஆயிரம் பிறப்புக்கு 105 ஆக இருந்த குழந்தைச் சாவு அந்த வருடம் 130 ஆனது.

"மிச்சத்தை நாளைக்கு வாசிக்கட்டே பிள்ளை?"

இரண்டு வருடமாக அந்த எண்களை வைத்து வரைபடம் போட்டவள் நான். ஒரு நாளும் அந்த வரியில் நின்றதில்லை.

மறுநாள், "அந்த வீடுகளுக்கு ஆர் போனது?" என்று கேட்டார். பிள்ளை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1907இல் சட்டம் வந்ததையும், விரும்பிய ஊர்கள் மட்டும் ஏற்றிருந்த அது 1915இல் எல்லா ஊருக்கும் கட்டாயமானதையும் சொன்னேன். தகவல் கிடைத்ததும் ஒரு பெண் ஊழியர் அந்த வீட்டுக்குப் போவார்.

"அப்ப எங்கட வேலைதான்!"

யாழ்ப்பாணத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக இருந்தவர் அன்ரி. அன்றைக்கு ஒரு மணி நேரம் அவரே பேசினார். வாசலில் நின்று புத்தி சொன்னால் எந்தத் தாயும் கேட்க மாட்டாளாம். முதலில் பாயில் உட்கார வேண்டும், பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும், பால் போத்தலைப் பற்றி அப்புறம்தான் பேச வேண்டும். அந்தக் காலத்து அதிகாரிகள் பலரும் கண்டித்த, நீண்ட ரப்பர் குழாய் வைத்த போத்தலைப் பற்றிச் சொன்னதுமே, "அதை உள்ளுக்குக் கழுவ ஏலாதே" என்றார்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சுகாதார ஆய்வாளர்களும் அவர்கள் கொடுத்த நோட்டீசும்தான். வீடு வீடாகப் போன பெண்களுக்கு நான் கொடுத்திருந்த இடம் இரண்டே வரி. அதை முதலிலிருந்து திருப்பி எழுதப்போகிறேன்.

அன்ரி, சனிக்கிழமை கீழே வருகிறேன். 1912 இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த முறை நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள்.