அப்ரஹாவின் கதையில் விடுபட்டவை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மக்காவிலுள்ள கஅபாவை இடிக்க யானைப் படையோடு வந்த யெமன் மன்னன் அப்ரஹாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யானை, கூட்டமாக வந்த அபாபீல் பறவைகள், அவை எறிந்த சுட்ட களிமண் கற்கள், மென்று தின்ற வைக்கோலாகிப் போன படை, எல்லாம் இருந்தன. ஆனால் பத்திக்குப் பத்தி ‘கிறிஸ்தவ மன்னன்’, ‘கிறிஸ்தவப் படை’ என்றே எழுதி, இரண்டு மதங்களுக்கு இடையே நடந்த சண்டை இது என்று படிப்பவர் மனத்தில் பதியும்படி முடித்திருக்கிறார் கட்டுரையாளர். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அப்ரஹா கிறிஸ்தவன்தான், மறுக்கவில்லை. சன்ஆ நகரில் அல்குலைஸ் என்ற பெரிய தேவாலயத்தைக் கட்டி, அரபிகளின் ஹஜ்ஜை அங்கே திருப்பப் பார்த்தான். கினானா குலத்தான் ஒருவன் அதை அசுத்தப்படுத்த, அந்தக் கோபத்தில் படையெடுத்தான் என்கின்றன நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் சீறா நூல்கள். ஹஜ் எங்கே கூடுகிறதோ அங்கேதான் சந்தையும் செல்வாக்கும். அவன் கண் அதன் மேல் இருந்தது.

எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் யார்? ஹுபல் சிலையை வணங்கிக்கொண்டிருந்த மக்காவின் குறைஷி குலத்தார். நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ (இறைச்செய்தி) வர அப்போது இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. வழியில் அப்ரஹாவை மறித்துப் போரிட்டுத் தோற்ற தூ நஃப்ரும் நுஃபைலும் அரபிகள். மக்காவுக்கு வழிகாட்டிச் சென்ற அபூ ரிகாலும் அரபிதான். தாயிஃபின் ஸகீஃப் குலத்தார் அனுப்பிவைத்த ஆள். (இந்தப் படையெடுப்பு நடந்த ஆண்டை 570 என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அப்ரஹாவின் முரைகான் கல்வெட்டு 552-இல் அவன் நடத்திய ஒரு படையெடுப்பைச் சொல்கிறது, அதில் மக்காவின் பெயர் இல்லை. ஆண்டுக் கணக்கை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

குர்ஆனின் 105-ஆவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தே வசனங்கள். அப்ரஹாவின் பெயர் அதில் இல்லை. யெமன் இல்லை, கிறிஸ்தவர் என்ற பேச்சே இல்லை. ‘யானைக்காரர்கள்’, அவ்வளவுதான். எந்தப் பலத்தை நம்பி வந்தார்களோ அதை வைத்தே அல்லாஹ் அவர்களைக் குறிப்பிடுகிறான். அவன் சொல்லாத மதத்தை நாம் ஏன் பத்திக்குப் பத்தி சேர்க்க வேண்டும்?

இதே குர்ஆன் 85-ஆவது அத்தியாயத்தில், இறைவனை நம்பிய குற்றத்துக்காக மக்களை நெருப்புக் குண்டத்தில் தள்ளியவர்களைச் சபிக்கிறது. எரிந்தவர்கள் தென் அரேபியாவிலுள்ள நஜ்ரானின் கிறிஸ்தவர்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 523-ஐ ஒட்டி யெமனை ஆண்ட ஹிம்யர் அரசன் தூ நுவாஸ் நடத்திய படுகொலை அது. அதற்குப் பதிலடியாகத்தான் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) அக்சூம் மன்னர் காலெப் 525-இல் செங்கடலைக் கடந்து யெமனைப் பிடித்தார். அந்த அபிசீனியப் படையிலிருந்து எழுந்து அதிகாரத்தைக் கைப்பற்றியவன்தான் அப்ரஹா. எரிக்கப்பட்டவர்களுக்காக வந்த படையில் வளர்ந்தவன், பிறர் வணங்கும் வீட்டை இடிக்கப் புறப்பட்டான். என்னை உலுக்குவது இதுதான். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அதே அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னர்தான் 615 வாக்கில் மக்காவிலிருந்து தப்பி வந்த முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தார். ஜஃபர் (ரலி) அவர்கள் மர்யம் சூராவை ஓத, கேட்டு அழுதார். குறைஷிகள் கொண்டுபோன அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்து, வந்தவர்களை ஒப்படைக்க மறுத்துவிட்டார்.

நபி (ஸல்) அவர்களின் பாட்டனாரும் குறைஷிகளின் தலைவருமான அப்துல் முத்தலிப் அப்ரஹாவைச் சந்தித்ததையும் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறது. இந்த வரலாற்றின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அப்ரஹாவின் ஆட்கள் அவருடைய 200 ஒட்டகங்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ‘உங்களோடு போரிட வரவில்லை, வீட்டை இடிக்கவே வந்தேன்’ என்று தூது வருகிறது. அவர் பாளையத்துக்குப் போகிறார். கைதியாக இருந்த தூ நஃப்ர் பழைய நண்பர். அவர் யானைப்பாகன் உனைஸிடம் சொல்லி, உனைஸ் மன்னனிடம் சொல்லி, வழி கிடைக்கிறது. அவருடைய தோற்றத்தைப் பார்த்த அப்ரஹா, தன் சிம்மாசனத்தில் உட்காரவைக்கவும் மனமில்லாமல், கீழே உட்காரவைக்கவும் மனமில்லாமல், தானே இறங்கி வந்து விரிப்பில் அவர் அருகே அமர்கிறான். என்ன வேண்டும் என்கிறான். “என் ஒட்டகங்கள்.” அப்ரஹாவின் மதிப்பில் அவர் சட்டென்று தாழ்ந்துபோகிறார். உன் முன்னோரின் வீட்டைப் பற்றிப் பேசாமல் ஒட்டகத்தைப் பற்றியா பேசுகிறாய் என்று கேட்கிறான். ஒட்டகங்களுக்கு நான் சொந்தக்காரன், அந்த வீட்டுக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்கிறார் அவர்.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. திரும்பி வந்து அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். குறைஷிகளை மலைகளுக்கு ஏறிப் போகச் சொன்னார். கஅபாவின் கதவு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அடியான் தன் வீட்டைக் காப்பான், நீ உன் வீட்டைக் காத்துக்கொள் என்று மன்றாடினார். வெல்ல முடியாத போரில் மக்களைப் பலி கொடுக்காமல், தன் கைக்கு எட்டாததை அதற்கு உரியவனிடம் ஒப்படைத்த தலைவர் அவர்.

நபி (ஸல்) அவர்கள் இந்தச் சம்பவத்தை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதும் முக்கியம். 628-இல் உம்ராவுக்குப் போகும் வழியில், மக்காவை அடுத்த ஹுதைபியாவில் அவர்களுடைய ஒட்டகம் கஸ்வா மண்டியிட்டு எழ மறுத்தது. யானையைத் தடுத்தவனே இதையும் தடுத்தான் என்றார்கள். பிறகு உடன்படிக்கை செய்துகொண்டு அந்த ஆண்டு திரும்பியும் போனார்கள். பிறரைச் சாட அன்று அவர்கள் அப்ரஹாவின் வரலாற்றை எடுக்கவில்லை. தம் பயணத்துக்கே அதைப் பொருத்திப் பார்த்தார்கள்.

‘கஅபாவைத் தொட நினைத்தவன் அழிந்தான்’ என்று கட்டுரை முடிகிறது. 683-இல் உமய்யா கலீஃபா யஸீதின் படை மக்காவை முற்றுகையிட்டபோது கஅபா தீப்பற்றி எரிந்தது. 692-இல் உமய்யாக்களின் தளபதி ஹஜ்ஜாஜ் கவண்பொறி வைத்துக் கல்லெறிந்தான். அவன் ஸகீஃப் குலத்தான், தாயிஃப்காரன். அதற்குப் பின் இராக்கின் ஆளுநராகி 714 வரை வாழ்ந்தான். 930-இல் கராமிதாக்கள் என்ற ஷியா பிரிவினர் ஹாஜிகளை வெட்டி, கஅபாவின் கருங்கல்லான ஹஜருல் அஸ்வதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அது திரும்ப 951 ஆயிற்று. பறவைகள் வரவில்லை. ஏன் என்று கேட்க நான் யார்? ஆனால் இவர்கள் யாரும் வேறு மதத்தின் பெயரால் வந்தவர்கள் அல்ல என்பதை மறைத்துவிட்டு அப்ரஹாவின் மதத்தை மட்டும் எழுதுவது நியாயமாகப் படவில்லை.

எங்கள் தெரு மதரஸாவில் மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். ‘அலம்தர கைஃப’ என்று தொடங்கும் அந்த 105-ஆவது அத்தியாயம் அவர்கள் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்யும் சூரா. உங்கள் கட்டுரையைப் படித்த ஒரு சிறுமி, பள்ளியில் தன் பக்கத்தில் உட்காரும் கிறிஸ்தவத் தோழியும் அந்தப் படையைச் சேர்ந்தவளா என்று என்னிடம் கேட்டாள். இந்தக் கேள்வி உங்கள் இதழால் எழுந்தது. நஜ்ரானையும் நஜ்ஜாஷியையும் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை விரைவில் வெளியிடுங்கள். அதுவரை இந்தக் கடிதத்தையாவது சுருக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மேலப்பாளையம்