40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள்

சேர்வராயன் மலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் குடியிருக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பத்து வரி எழுதுவதற்குள் அவன் விரல்கள் பேனாவோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். இடக்கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நீவிவிட்டு, மறுபடி எழுதத் தொடங்குவான். மணி அடிக்கும்போது விடைத்தாளில் பாதிதான் நிரம்பியிருக்கும்.

சொல்வதை எழுத ஒருவரைத் தாருங்கள், கூடுதல் நேரமாவது கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டேன். "குறைபாடு 40 விழுக்காடு என்று சான்றிதழ் கொண்டு வாருங்கள்" என்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் திரும்பிக்கொண்டிருக்க, அவன் அறிவியல் பாடத்தை எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தான். ஒரு வரி பிசகவில்லை. மருத்துவர் போட்ட எண் 40-க்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்ததும் பள்ளியில் பேச்சை முடித்துவிட்டார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 விழுக்காடு என்ற அளவு இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கானது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியானாலும், பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பகுதி கூறுகிறது.

2021 பிப்ரவரியில், குடிமைப் பணித் தேர்வு எழுதிய விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு அவருக்கு. என் மகனின் விரல்கள்தான் என் நினைவுக்கு வந்தன. 40 விழுக்காடு இல்லை என்பதற்காக எழுதும் உதவியாளரை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அதையொட்டி 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, 40-க்குக் குறைவானவர்களுக்கென்றே எழுத்துத் தேர்வு நெறிமுறை வெளியிட்டது. அதில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தரப்பட்டிருந்தது.

மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் ஆகாதா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். அவர் நல்லவர், மனம் வைத்துத்தான் கேட்டார். அறிவியல் தேர்வில் நீங்கள் அளப்பது அறிவியலையா, விரலின் வேகத்தையா என்று அவரிடம் கேட்டேன். அவர் யோசித்தார். நீங்களும் யோசியுங்கள்.

பணம் கேட்கவில்லை. ஒரு தனி அறை, எழுதித்தரக் கீழ் வகுப்பு மாணவர் ஒருவர், இன்னும் சில நிமிடங்கள், இவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வுக்கு முன் உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள். மறுப்பதானால் காரணத்தையும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு முதன்மைக் கல்வி அலுவலரைப் பார்க்க மறுபடி மலை இறங்குவேன்.