ரதி பார்க்கலாம், ஓர்ஃபியு பார்க்கக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் சினிமாப் பக்கத்தில் 'பிளாக் ஓர்ஃபியஸ்' என்ற பழைய படத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். கட்டுரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நானும் அதைப் படித்துவிட்டுத்தான் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஆனால் கடைசியில், கிரேக்கப் புராணம், பிரேசிலின் கார்னிவல் திருவிழா, நமக்குச் சம்பந்தமில்லாத உலகம், இருந்தாலும் ஒருமுறை பார்க்கலாம் என்று முடித்திருந்தார். அந்த "சம்பந்தமில்லாத" என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவன். "நமக்கு" என்று அவர் எழுதியதில் நாங்களும் சேர்த்தியா என்பது முதல் கேள்வி.

அதற்கு முன் சின்னத் திருத்தம் இரண்டு. படத்தில் பேசுவது போர்த்துக்கேய மொழி, நடப்பது ரியோ டி ஜெனிரோவில், எல்லாம் சரி. ஆனால் எடுத்தவர் மார்செல் கமு, பிரெஞ்சுக்காரர் (நாவல் எழுதிய ஆல்பெர் காம்யு வேறு ஆள்). 1959 இல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசு கிடைத்தது. அடுத்த வருடம் ஒஸ்கார் கிடைத்தபோது அது பிரான்ஸ் நாட்டுப் படமாகத்தான் போய் வாங்கியது, பிரேசிலின் கணக்கில் அல்ல. கதையும் கமு யோசித்தது இல்லை. செத்துப்போன யுரிடிஸைத் தேடிப் பாதாளம் போய், திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனையை மீறி அவளை மறுபடி இழந்த கிரேக்கப் பாடகன் ஓர்ஃபியஸின் (படத்தில் ஓர்ஃபியு) கதையை வைத்து, வினிசியஸ் டி மொராயெஸ் என்ற பிரேசில் கவிஞர் எழுதி, 1956 இல் ரியோவின் பெரிய நாடக அரங்கில் கறுப்பின நடிகர்களை வைத்து மேடையேற்றிய நாடகம் அது. அந்தக் கவிஞரின் பெயர் உங்கள் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் வேலை செய்யும் மகள் லீவுக்கு வந்தபோது பென் டிரைவில் படத்தைக் கொண்டுவந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டீவியில் போட்டோம். அப்பாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, மொழியும் தெரியாது, கீழே ஓடிய இங்கிலீஷும் வாசிக்க வராது. மகள்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். ஓர்ஃபியு ட்ராம் ஓட்டுபவன், கிட்டார் வாசிப்பவன், கல்யாணத்துக்கு மோதிரம் வாங்க வேண்டிய நேரத்தில் அடகுக் கடைக்குப் போய்த் தன் கிட்டாரைத்தான் முதலில் மீட்கிறான். "திருவிழாவுக்கு நகைய மீட்காம தப்ப மீட்டுட்டு வந்த மாதிரி" என்று அப்பா சிரித்தார், தப்பு என்றால் எங்கள் பறை. அவன் காதலிக்கப்போகும் யுரிடிஸ், ஊரிலிருந்து யாருக்கோ பயந்து ஓடிவந்தவள். எலும்புக்கூடு வேடம் போட்ட ஒருவன் கார்னிவல் கூட்டத்துக்குள் அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறான். அந்த மரண வேடத்தில் வருபவர் அடெமார் டா சில்வா, முப்பாய்ச்சலில் 1952, 1956 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற வீரர். அவர் தாவுவதைப் பார்த்தால் அது புரியும். ஓர்ஃபியுவாக நடித்த பிரெனோ மெல்லோவும் நடிகர் இல்லை, கால்பந்தாட்டக்காரர்.

ட்ராம் நிறுத்துகிற இருட்டுக் கொட்டகையில் அவள் மின்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள், அவளைத் தேடி வந்த ஓர்ஃபியு வெளிச்சத்துக்காக சுவிட்சைப் போடுகிறான். அந்த இடத்தில் எங்கள் தோட்டத்தில் கரண்ட் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதே இடத்தில். இருட்டில் அப்பாவின் குரல் மட்டும் வந்தது: "அவனே கொன்னுட்டானா?"

கரண்ட் வர ஒன்றரை மணி நேரம் ஆனது, அவர் படுக்கப் போகவில்லை.

காரணம் இதுதான். அப்பா பதினொரு வருடம், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில் மன்மதனின் மனைவி ரதியாக வேடம் கட்டியவர். மலைநாட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் மாசி மாதம் நடக்கிற கூத்து அது, உங்கள் பேப்பரிலும் ஒரு மூலையில் படம் வரும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால் பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரியும் வரைக்கும் ராத்திரியில் தப்புச் சத்தம் ஓயாது. பகலில் கவ்வாத்து வெட்டியவன், உரம் சுமந்தவன், இரவில் மன்மதன். ரதியும் ஆண்தான், சேலை கட்டி, மை தீட்டி, பூ வைத்து வருவார். எமன் வருவான், வீரபத்திரன் வருவான், அவனைக் கயிறு கட்டிப் பிடிக்க நாலு பேர் வேண்டும். கார்னிவலின் நாள் எப்படி வருகிறது என்று பார்த்தேன். ஈஸ்டருக்கு 47 நாள் முந்திய செவ்வாய் அதன் கடைசி நாள், ஈஸ்டரோ பௌர்ணமியை வைத்துக் கணிப்பது, ஆக கார்னிவல் அமாவாசையை ஒட்டியே விழும். 2026 இல் அந்தச் செவ்வாயும் அமாவாசையும் ஒரே நாள்தான், பெப்ரவரி 17. ரியோவில் ஆட்டம் முடிகிற வாரத்தில் எங்கள் ஆட்கள் கம்பம் ஊன்றத் தொடங்குகிறார்கள். இதில் எது சம்பந்தமில்லாத உலகம்?

கரண்ட் வந்ததும் மீதியைப் பார்த்தோம். செத்தவளைத் தேடி ஓர்ஃபியு அலைந்து, ஒரு சடங்கு நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறான். வாசலில் நாய், அதன் பெயர் செர்பெரஸ், கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் அதே நாய். உள்ளே மேளம், பாட்டு, சாமி வந்து ஆடுகிறார்கள். அவனுக்கு முதுகுப் பக்கமிருந்து யுரிடிஸின் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் என்னை இழந்துவிடுவாய் என்கிறது. அவன் திரும்புகிறான். அங்கே ஒரு கிழவி, அவளுக்குள்ளிருந்துதான் குரல் வந்திருக்கிறது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்னாப்பா இது, நம்ம கதையில ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான்னு சிவன் வரம் குடுக்குறாரு. இங்க இவன் ஒருத்தன்தான் பார்க்கக்கூடாதா?"

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. மன்மதன் சாம்பலானதும் ரதி அழுது கேட்கிறாள். உயிர் திரும்புகிறது, ஆனால் உடம்பு இல்லை, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான், ஊர் கண்ணுக்குத் தெரியமாட்டான். கிரேக்கன் கதையை நேரெதிராகத் திருப்பிப் போட்டது போல. அவனுக்குப் பார்வைதான் குற்றம், இவளுக்குப் பார்வைதான் வரம். இதைச் சொன்னவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துச் சாக்குத் தூக்கப் போனவர். அன்றிரவு அவர் ரதியின் ஒப்பாரியில் இரண்டு அடி பாடியும் காட்டினார், குரல் நடுவிலேயே உடைந்துவிட்டது, வயசு. மகள் போனில் பதிவு செய்ய ஓடினாள், அதற்குள் அவர் நிறுத்திவிட்டார்.

இன்னொரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சடங்குக்குப் போகுமுன் ஓர்ஃபியு காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகத்துக்குப் போகிறான். ராத்திரி, ஆளில்லாத கட்டடம், தரையெல்லாம் தாள், காற்றில் பறக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டிருக்கும் ஒருவர்தான், தாளுக்குள் தேடி மனுசரைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி, சுருள் படிக்கட்டில் கீழே அழைத்துப் போகிறார். கிரேக்கர்களின் பாதாளத்தை ஒரு அரசாங்க அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தது பெரிய மூளை. எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. தாத்தாவின் துண்டுச் சீட்டு, அப்பாவின் பிறப்புப் பதிவு என்று சொல்லப்படும், பெயரைப் பிழையாக எழுதிய ஒரு தாள், 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடில்லாதவர்களாகிப் பிறகு 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தக் கரையா அந்தக் கரையா என்று பிரித்தபோது கொடுத்த விண்ணப்பத்தின் நகல். தாத்தாவின் தம்பி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது, அதற்குப் பிறகு ஒரு கடிதம், அவ்வளவுதான். பெயரில் இருக்கும் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த நான் ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்திருக்கிறேன். இந்த நாட்டில் காணாமல் போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை, சம்பா நடனத்துக்கு மட்டும் ஒரு பந்தி.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. குன்றின் மேல் குடிசைகள், கீழே நீலக் கடல், எல்லாரும் எந்நேரமும் ஆடுகிறார்கள், பசி என்ற பேச்சே இல்லை. பிரேசில்காரர் பலருக்கே இதில் கோபம் இருந்தது. எங்களுக்கு அந்தக் கோபம் புரியும். பச்சை மலை, கூடையோடு சிரிக்கிற பெண், இதைத்தான் தேயிலைப் பெட்டியிலும் போடுகிறார்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவையும் (தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறை) ஒழுகுகிற தகரத்தையும் போடமாட்டார்கள். அந்தக் குன்றுகளில் குடியேறியவர்களில் கோப்பித் தோட்ட அடிமைகளின் வழிவந்தவர்களும் உண்டு, அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1888 இல்தான். எங்கள் பாட்டன் பூட்டனும் முதலில் வந்தது கோப்பிக்குத்தான். இவ்வளவும் இருந்தும் அந்தப் படத்தில் மனுசர் அழகாக இருக்கிறார்கள், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொன்ஃபாவும் ஜோபிமும் போட்ட பாட்டுகளை மகள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டு திரிகிறாள்.

ஆகவே அந்தக் கட்டுரையாளரை மாசி மாதம் எங்கள் தோட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். காமன் எரிகிற இரவு விடியும் வரை இருந்து பார்த்துவிட்டு, படத்தின் கீழே ஒரு வரியாக இல்லாமல், சினிமாவுக்கு எழுதுவது போலவே எழுதட்டும். யார் நன்றாக ஆடினார், யார் சொதப்பினார் என்று பெயர் சொல்லித் திட்டினாலும் பரவாயில்லை. அப்பா இப்போது ஆடுவதில்லை, ஆனால் ரதி கட்டுகிற பையனுக்கு அடவு சொல்லிக்கொடுக்கப் பொட்டலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைக்கிறோம். வரும்போது ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள், இரவு இரண்டு மணிக்கு மேல் குளிர் தாங்காது.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன் ஒருவன்,
பொகவந்தலாவை.