பிரேக்க மாத்துனீங்க சரி, ஸ்டெப்னிய மாட்டிப் பாத்தீங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாகனப் பக்கத்துல ஸ்போர்ட்ஸ் காருக்கு பெரிய பிரேக் போடுறத பத்தி வந்தத படிச்சேன். டிஸ்க், பேடு, பிரேக் ஆயில்னு எல்லாம் வெவரமா இருந்துச்சு, ஆனா டிக்கிக்குள்ள படுத்திருக்கிற ஒல்லி ஸ்டெப்னிய (அவசரத்துக்குன்னு குடுக்கிற, அகலம் கம்மியான மாத்து வீல்) பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் பட்டுட்டேன், அதான் எழுதுறேன்.

என் கார்ல முன்னாடி இருந்தது 300 மில்லிமீட்டர் டிஸ்க். அத கழட்டிட்டு 330 டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிற பாகம்) போட்டேன், 17 இன்ச் அலாய் வீலுக்குள்ள கச்சிதமா உக்காந்துச்சு, மாட்டிக் குடுத்தவங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு சரின்னு அனுப்பிட்டாங்க, ஸ்டெப்னி ஞாபகம் அவங்களுக்கும் வரல எனக்கும் வரல. அப்புறம் ஒரு ராத்திரி முன் வீல் பஞ்சர். ஜாக்கி போட்டு தூக்கி 16 இன்ச் ஸ்டெப்னிய எடுத்து வச்சா ஹப்பு (வீல முடுக்குற நடுப்பாகம்) வரைக்கும் போகவே இல்ல, காலிப்பர் மேல டங்குனு இடிச்சு நின்னுடுச்சு. திருப்பி வச்சேன், சாய்ச்சு வச்சேன், கொஞ்சம் திட்டியும் பாத்தேன். வட்டத்த எப்படி திருப்புனாலும் வட்டம்தானே.

வீட்டுக்கு வந்து டேப்ப எடுத்து அளந்தப்பதான் புரிஞ்சுது. 16 இன்ச்னா 406 மில்லிமீட்டர், ஆனா அது டயர் உக்கார்ற இடத்தோட அளவு, ரிம்முக்கு உள்பக்கம் அவ்ளோ இடம் கிடையாது, ஏன்னா டயர ஏத்தி இறக்குறதுக்காக நடுவுல ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க, உள்ள இருந்து பாத்தா அதுவே மேடா துருத்திக்கிட்டு நிக்கும். ஸ்டெப்னி ரிம் 4 இன்ச் அகலம்தான், அதுல அந்த பள்ளமே பாதி இடத்த புடிச்சுக்கும். டிஸ்க் 300ல இருந்து 330 ஆனா ஆரத்துல 15 மில்லிமீட்டர் கூடுது, காலிப்பரோட முதுகும் (ரிம்மோட உள்வட்டத்த பாத்த பக்கம்) கிட்டத்தட்ட அதே அளவு வெளிய தள்ளிப் போகுது. அப்புறம் எங்க ஏறும்.

இத சொன்னதும் பத்துல எட்டு பேர் சொல்ற வைத்தியம் "ஒரு ஸ்பேசர் போடு பாஸ்", அதாவது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வைக்கிற தட்டு. இடிக்கிறது ரெண்டு எடத்துல இருக்கலாம்னு யாரும் யோசிக்கிறதில்ல. காலிப்பரோட முகம் வீலோட ஸ்போக் பக்கத்துல இடிச்சா ஸ்பேசர் வீல வெளிய தள்ளி காப்பாத்தும், ஒத்துக்கிறேன். முதுகு ரிம்மோட உள்வட்டத்துல இடிச்சா எத்தன மில்லி ஸ்பேசர் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. போதாததுக்கு ஸ்பேசர் போட்ட அளவுக்கு நட்டு புடிக்கிற மரை குறையும். 12 மில்லி ஸ்டட்டுக்கு (ஹப்புல நீட்டிட்டு இருக்கிற, நட்டு ஏறுற போல்ட்) குறைஞ்சது 12 மில்லி மரையாவது புடிக்கணும், 1.5 பிட்ச்னா, அதாவது ஒரு சுத்துக்கு 1.5 மில்லி ஏறும்னா, நட்டு முழுசா 8 சுத்து ஏறணும், எண்ணிப் பாருங்க. அலாய்க்குன்னு தனியா வாங்குன நட்டு ஸ்டெப்னியோட இரும்பு ரிம்ல சரியா உக்காருதான்னும் பாக்கணும், உக்கார்ற பக்கம் கூம்பா இருக்கிற நட்டு உருண்டையான குழில ஒத்துப் போகாது. காலிப்பர கிரைண்டர்ல கொஞ்சம் தேய்ச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அவர்கிட்ட அப்புறம் நான் பேசல.

அன்னிக்கு எப்படி வீடு வந்தேன்னா, பின் பிரேக்க நான் தொடவே இல்ல, அது பழைய சைஸ்தான். பின் வீல கழட்டி முன்னாடி போட்டு ஸ்டெப்னிய பின்னாடி மாட்டுனேன். ரெண்டு தடவ ஜாக்கி, வேர்த்து ஊத்திருச்சு, ஆனா வேலை நடந்துச்சு. என்னுது முன் வீல் இழுக்கிற வண்டி, தப்பிச்சேன். பின் வீல் இழுக்கிற வண்டியா இருந்து லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும் (ரெண்டு வீலும் ரொம்ப வேற வேற வேகத்துல சுத்தாம தடுக்கிற பாகம்) இருந்தா, சின்ன வீல பின்னாடி போட்டதும் ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்தி உள்ள இருக்கிற கிளட்ச் எல்லாம் சூடாகும், தூரமா ஓட்டக்கூடாது. பின்னாடி டயர் அகலமா இருக்கிற வண்டில அது முன்னாடி போனா உரசவும் செய்யலாம். சரி, கழட்டுன பஞ்சர் வீல எங்க வைக்கிறது? ஒல்லி ஸ்டெப்னி பள்ளத்துல முழு வீல் இறங்காது. ரெண்டு சீட்டு வண்டின்னா பக்கத்துல இருக்கிறவங்க மடிதான்.

இப்ப 17 இன்ச் ஸ்டெப்னிக்கு மாறிட்டேன். அதுலயும் ஒரு கணக்கு இருக்கு, மொத்த உயரம் மத்த டயருக்கு கிட்ட வரணும். என் டயர் 225/45/17 (அகலம் மில்லில, பக்கச் சுவரோட உயரம் அகலத்துல எத்தன சதவீதம், ரிம் இன்ச்ல), மொத்த உயரம் 634 மில்லி. 125/70/17 ஸ்டெப்னி 607தான் வருது, 135/80/17 எடுத்தா 648, நான் 135/70/17 எடுத்தேன், 621. முன்ன இருந்த 135/80/16 622. காத்து 60 பிஎஸ்ஐ, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர தாண்டக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு.

இந்த ஸ்டெப்னிங்கிற பேரே 1904ல வேல்ஸ்ல லனெத்லிங்கிற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல இருந்து வந்ததாம். அந்த முதல் ஸ்டெப்னில ஸ்போக்கே கிடையாது, காத்து அடிச்ச டயரோட வெறும் ரிம், அத பஞ்சரான வீல் மேலயே கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு கிளம்பிருவாங்க. காலிப்பர் இடிக்கிற பேச்சே இல்ல, அப்ப முன் வீல்ல பிரேக்கே பெரும்பாலும் கிடையாது.

அடுத்த தடவ பிரேக் பத்தி போடும்போது இதையும் ஒரு ஓரமா போடுங்க சார்: பெரிய பிரேக் செட்ட வாங்குறதுக்கு முன்னாடியே காலிப்பரோட அளவுப் படத்த கேட்டு வாங்கி அட்டைல வெட்டி ஸ்டெப்னிக்குள்ள வச்சுப் பாக்கணும். மாட்டுன அன்னிக்கே காலிப்பரோட முதுகுலயும் முகத்துலயும் கொஞ்சம் களிமண் ஒட்டி, ஸ்டெப்னிய முழுசா முடுக்கி, கையால ஒரு சுத்து சுத்திட்டு கழட்டணும். நசுங்குன களிமண் 3 மில்லிக்கு மேல தடிமனா இருந்தா ஓகே, அதுக்கு கீழன்னா வேற ஸ்டெப்னி தேட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரே ராத்திரில ரெண்டு தடவ ஜாக்கி போட்ட வாசகர்