ஓ என்ற ஊரில் ஓய்வு

டிரான்ட்ஹெய்ம்,
ஜூன் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "உடம்பைப் பார்த்துக்கோ, கொஞ்சம் லீவு போடு" என்று போனில் பேசும்போதெல்லாம் அம்மா சொல்வீர்களே, போட்டுவிட்டேன். நார்வேயின் வடக்கே லொஃபோட்டன் தீவுகளில், ஓ என்ற மீனவ கிராமத்தில் தங்கிவிட்டு நேற்றுதான் திரும்பினேன். ஆமாம், ஊர்ப் பெயரே அவ்வளவுதான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செலவைப் பற்றி அப்பா கேட்பீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே விடுமுறை என்பது முதலாளி மனம் வைத்துத் தருவதில்லை, சட்டம். சனிக்கிழமையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்குக் குறைந்தது 25 வேலை நாள். ஜூன் முதல் செப்டம்பருக்குள் மூன்று வாரம் சேர்ந்தாற்போலக் கேட்டு வாங்கலாம். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக, போன வருடச் சம்பளத்தில் 10.2 சதவீதத்துக்குக் குறையாமல் விடுமுறைப் பணம் என்று பெரும்பாலும் ஜூனில் கொடுக்கிறார்கள். கடன் எதுவும் வாங்கவில்லை அப்பா.

பூடோ நகரம் வரை ரயிலில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். வழியில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும் இடத்தில் மரமே இல்லை, வெறும் மேட்டு நிலம். ஜூனிலும் அங்கங்கே பனி. அப்புறம் ஓ-வுக்குப் பக்கத்தில் உள்ள மொஸ்கெனெஸ் துறைமுகம் வரை கப்பல்.

தங்கின இடத்தை ரோர்பு என்கிறார்கள். தண்ணீருக்கு மேலே மரக்கால்கள் நட்டு, அதன்மேல் கட்டிய சிவப்பு மர வீடு. செம்மண் சாயத்தை மீன் எண்ணெயில் குழைத்துப் பூசுவதுதான் அந்தக் காலத்தில் மலிவு, அதனால் அந்த நிறமாம். இப்போது உள்ளே கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே கடல். தண்ணீர் வற்றும்போது மரக்கால்கள் பாசியோடு வெளியே தெரியும். ஏறும்போது தரைப்பலகைக்கு அடியில் சளக் சளக்கென்று சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே எத்தனை மணி நேரம் படுத்திருந்தேனோ!

இந்த வீடுகள் யாருக்காக வந்தன தெரியுமா? குளிர்காலத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இன்னும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் என்ற பெரிய மீன் முட்டையிட இங்கே கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பிடிக்க, கரை நெடுகிலும் உள்ள ஊர்களிலிருந்து ஆட்கள் திறந்த படகில் வருவார்கள். ராத்திரி தலை சாய்க்க இடம் கிடையாது. 1120 வாக்கில் எய்ஸ்டைன் என்ற ராஜா, இதே தீவுக்கூட்டத்தில் வோகன் என்ற இடத்தில் அவர்களுக்காக முதல் குடில்களைக் கட்டச் சொன்னாராம். வீட்டை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கென்று ஒரு கூரை! எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. இந்த நாட்டில் இதுவரை எந்த வீட்டிலும் வராத உரிமை இந்த வீட்டில் வந்தது.

வெளியே வந்தால் மரச்சட்டங்களில் மீன், ஒரு ஊரே காய்கிறது. தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டி, கம்பில் மாட்டியிருக்கிறார்கள். உப்பே கிடையாது. பிப்ரவரியிலிருந்து மே வரை குளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதால் மீன் கெட்டும் போகாது, உறைந்து வெடிக்கவும் செய்யாது, ஈயும் வராது. காற்றே காய வைத்துவிடுகிறது. நான் போனபோது கழற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பார்க்கத்தான் பெரிது, நெட்டி மாதிரி கனமே இல்லை. தட்டினால் டொக் டொக்கென்கிறது. நல்ல ரகம் இத்தாலிக்கும், காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்கும் போகிறதாம்.

வீட்டுக்காரம்மா சின்ன வயதில் மீன் நாக்கு வெட்டிக் காசு சேர்த்தவர். நட்டு வைத்த ஆணியில் தலையைக் குத்தி நிறுத்தி, ஒரே வெட்டு. இன்றைக்கும் சீசனில் அது பிள்ளைகளின் வேலைதானாம், சொந்தச் சம்பாத்தியம். அதைச் செய்துகாட்டும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஊரில் 1844-ஆம் ஆண்டு பேக்கரி ஒன்று இருக்கிறது, இப்போது மியூசியத்தோடு சேர்ந்தது. அங்கே இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு படகுத்துறையில் உட்கார்ந்துவிடுவேன். கடற்பறவைகள் வீட்டு ஜன்னல் விளிம்பிலேயே கூடு கட்டி ஓயாமல் கத்துகின்றன. நடுராத்திரியிலும் வெளிச்சம் போகவில்லை. மலை மறைப்பதால் சூரியன் மட்டும் தெரியாது. தடித்த திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் அம்மா, அலாரம் இல்லாமல்.

மழையும் பெய்தது, குளிர் காற்றும் அடித்தது. ஆனால் யாரும் என்னை மகிழ்விக்க முயலவில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள், நான் வேடிக்கை பார்த்தேன். எனக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த ஜூனில் நீங்கள் இருவரும் வர வேண்டும். அப்பாவின் முழங்காலுக்குப் பயம் வேண்டாம், தரைத்தள வீடாகக் கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவின் பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பிக்கக் கொடுங்கள். ஸ்வெட்டர் வாங்க வேண்டாம், இங்கே நல்ல கம்பளி இருக்கிறது. அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்